ஏழாம் நம்பர் வீட்டுச் சுவரில் ஒரு கை

பேச்சிமுத்து செத்து நாற்பதாம் நாள் காலையில், செங்கணாபுரம் பம்ப் ஹவுஸ் குடியிருப்பில் ஏழாம் நம்பர் வீட்டின் தெருப்பக்கச் சுவரில், ஜன்னலுக்கு ஒரு முழம் கீழே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டைக்குள் முழங்கை வரைக்கும் ஒரு கை இருந்தது. அந்தக் கை, ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிட்டு வந்த களைப்பில் ஒரு டீக்குக் காத்திருப்பதுபோல, உள்ளங்கையை மேலே காட்டிக்கொண்டு சும்மா இருந்தது. கை மட்டும்தான், தோளோ முகமோ கிடையாது. பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அதே சுவர் முழுசாக, வெள்ளையடித்தபடி, நாள்காட்டி மாட்டிய ஆணியோடு இருந்தது. சாவி என்னிடம்தான் இருந்தது, ஆகவே முதலில் உள்ளே போய்ப் பார்த்தவன் நான்தான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நகராட்சியில் குடிநீர்ப் பிரிவு கிளார்க் தளவாய் என்றால் என்னைத்தான் சொல்வார்கள், சொல்லும்போதே முகத்தைச் சுளிப்பார்கள். ஒன்பது வருடமாகக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒழுகுகிற வாடகை வீட்டில் மனைவியின் பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தவன். பட்டியலில் என் பெயர் முதலாவதாக வந்த மாதம்தான் தண்ணீர் திறக்கிற பேச்சிமுத்து மேல்நிலைத் தொட்டியின் ஏணியிலிருந்து விழுந்து செத்தார். செத்தவர் குடும்பம் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அவர் மனைவி சுடலைவடிவு முப்பதாம் நாளே பாத்திரம் பண்டத்தோடு எதிரே மாவு மில் பக்கத்து ஒற்றை அறைக்கு மாறி, சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் சந்தோஷம் அதைவிடக் கூடுதலாக இருந்தது என்று சொல்ல வெட்கப்பட மாட்டேன்.

ஓட்டையை முதலில் பார்த்தது சுடலைவடிவுதான். காலி செய்த வீடானாலும் வாசலைத் தெளிக்காமல் அவளுக்கு இருப்புக்கொள்ளாது, அதனால் தினமும் வாளியோடு வந்துவிடுவாள். அன்றைக்கு வாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையின் கட்டைவிரல் நகத்தைத் தடவிப் பார்த்தாள். வால்வு சக்கரத்தில் மாட்டி இரண்டாகப் பிளந்து, அப்படியே வளர்ந்துவிட்ட நகம் அது. தடவிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு எழுந்துபோய் டீ போட்டு எடுத்து வந்தாள். கை டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய், வெறும் டம்ளரோடு திரும்பி வந்தது. முன்பும் அவர் டீயை ஒரே மூச்சில்தான் குடிப்பார்.

எங்கள் ஊர் எதற்கும் இரண்டு நாளுக்கு மேல் அதிசயப்படுகிற ஊர் அல்ல. முதல் நாள் எல்லாரும் வந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் கையைக் குலுக்கினார்கள், மூன்றாம் நாள் மூன்றாம் தெருப் பெண்கள் குடங்களோடு வந்து, பேச்சிமுத்து உயிரோடு இருந்தபோது திட்டிய அதே திட்டை ஒரு சொல் குறையாமல் திட்டி, எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் தண்ணீர் மெலிந்து வருகிறது என்று அந்தக் கையைப் பிடித்துக் கேட்டார்கள். கை இரண்டு தடவை அமுக்கினால் நாளைக்கு வரும், ஒரு தடவை அமுக்கினால் வராது என்று வாரக் கடைசிக்குள் கண்டுபிடித்தார்கள். அது ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. முடிதிருத்துகிற ஆவுடையப்பன் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து நகம் வெட்டிவிட்டான். ஆனித் தூறல் ஆரம்பித்ததும் கவுன்சிலர் தங்கப்பழம் கை நனையாமலிருக்க ஒரு தகரக் கொட்டகை இறக்கி, அதில் கையைவிடப் பெரிதாகத் தன் பெயரை எழுதிவைத்தார். பூசாரியையும் உபதேசியாரையும் கூப்பிட்டுக் கேட்டபோது இருவருமே இது தங்கள் பாடு இல்லை என்று சொல்லி, போகிறபோக்கில் கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஆணையர், வீடு முழுமையாகக் காலி செய்யப்படவில்லை, ஒரு பகுதி இன்னும் பழைய ஊழியரின் பயன்பாட்டில் உள்ளது என்று கோப்பில் எழுதி, என் ஒதுக்கீட்டு உத்தரவை நிறுத்திவைத்தார். நான் அந்தக் கையை அடியோடு வெறுத்தேன். ஓட்டையை அடைக்கச் சொல்லி மூன்று மனு கொடுத்தேன்.

கை ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மசியவில்லை. சுடலைவடிவு எத்தனை முறை சோறு பிசைந்து உருட்டிக்கொண்டு வந்து நீட்டினாலும் அது விரல்களை இறுக்கி மூடிக்கொள்ளும். டீயை வாங்கும், வெற்றிலையை வாங்கும், சோற்றை வாங்காது. செத்தவர் சோறு வாங்குகிற நாள் ஆடி அமாவாசைதான், அதுவரை பொறு என்று பூசாரி சொன்னார். அவளும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏன் இந்தப் பாடு படுகிறாள் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. பின்னால் ஜெபக்கனியிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஜெபக்கனி பம்ப் ஹவுஸ் மாடியில், ஊர்த் தண்ணீரையெல்லாம் ஆட்டுவிக்கிற கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள். நாற்பத்து மூன்று வயது, ஒப்பந்த வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குடையில்லாமல் எங்கேயும் போகமாட்டாள். பேச்சிமுத்தும் அவளும் பதினொரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர் கீழே மெஷினில் கட்டைவிரலை வைப்பார், மேலே அவள் திரையில் பார்ப்பாள், அந்த விரலை நம்பி வால்வு திறக்கும், குளோரின் கலக்கும், ஆஸ்பத்திரித் தொட்டி நிறையும். கை வந்த முதல் மூன்று நாளும் ஜெபக்கனி மாடியை விட்டு இறங்கவில்லை. செத்தவர் பெயரை மெஷினிலிருந்து அடித்துவிட்ட பிறகும், தினமும் காலை ஐந்து மணிக்கு அவர் விரல் வைத்தபடியே வால்வு திறந்துகொண்டிருந்தது. அது எப்படி என்று அவள் தோண்டிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் இறங்கி வந்து, கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இது சுவரில் விழுந்த ஓட்டை இல்லை, கெர்னலில் விழுந்த ஓட்டை என்றாள்.

எனக்குப் புரியட்டும் என்று குடியிருப்புக் கணக்கிலேயே சொன்னாள். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். யாருக்கு எந்த இடம், எப்போது காலி செய்ய வேண்டும், காலியான இடம் அடுத்து யாருக்கு என்று ஒதுக்குவதுதான் அதன் வேலை, என்னைப் போல ஒரு கிளார்க் என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். பேச்சிமுத்து செத்ததும் அவர் இருந்த இடத்தைக் காலி என்று அது எழுதிவிட்டது. ஆனால் அந்த இடத்துச் சாவி ஒன்றை வால்வு திறக்கிற நிரல் கையிலேயே விட்டுவிட்டது. நிரல் தினமும் போய் அந்தக் கதவைத் திறக்கிறது, உள்ளே இருப்பவரைப் பேச்சிமுத்து என்றே நம்புகிறது, அவர் சொன்னதைச் செய்கிறது. இப்போதைக்கு அங்கே வேறு யாரும் குடிவராததால் பழைய ஆள்தான் இன்னும் இருக்கிறார் என்றாள். அப்படியானால் வேறு யாராவது அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் என்று கேட்டேன். நான் கிளார்க், எனக்கு அதுதான் முதலில் தோன்றும். உட்கார்ந்தவன் யாராக இருந்தாலும் மெஷினுக்கு அவன்தான் பேச்சிமுத்து என்று சொல்லிவிட்டு அவள் குடையை விரித்துக்கொண்டு போனாள்.

இந்தக் கெர்னல் எங்கள் ஊருக்கு மட்டும் ஆனதல்ல, உலகத்தில் பாதி மெஷின்களுக்கு அடியில் இதேதான் கிடக்கிறது; இதை எழுதுகிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் எந்தெந்த ஊரிலோ இருக்கிறார்கள்; அவர்களில் ஒருத்தி எங்கள் பம்ப் ஹவுஸ் மாடியில் இருக்கிறாள் என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முகம் தெரியாத ஒன்பது பேருக்கு ஜெபக்கனி ரகசியமாக எழுதினாள். ஓட்டை தெரிந்தால் அடைக்கிற பேட்ச் என்கிற ஒட்டு தயாராகும்வரை வாய் திறக்கக்கூடாது, ஒரே நாளில் எல்லாரும் சேர்ந்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொத்தனாருக்கு முன்னால் திருடன் வந்துவிடுவான் என்பது அவர்கள் கட்டுப்பாடு. அவர்கள் ஊர்ச் சுவர்களிலும் கைகள் இருந்தனவாம். ஒரு குளிர் தேசத்தில் அதற்குக் கம்பளியில் உறை பின்னி மாட்டியிருந்தார்களாம். ஒன்பது பேரும் அவளும் ஒன்றரை மாதம் எழுதி எழுதித் திருத்தி, ஆடியில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உலகம் முழுக்கச் சுவர்கள் மூடிக்கொள்ள ஆரம்பித்தன. ஜெபக்கனி மட்டும் கட்டுப்பாட்டை மீறி, பேட்சைப் போடாமல், மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கொட்டகைக்குக் கீழே கையைத் தேங்காய் எண்ணெய் தடவி உருவிவிட்டுக்கொண்டிருந்தாள் சுடலைவடிவு. இன்றைக்கு இதை மூட வேண்டும், மூடினால் அண்ணன் இருக்கமாட்டார் என்று ஜெபக்கனி நேராகச் சொன்னாள். நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே குரலில் சொல்கிறவள் அவள். சுடலைவடிவு எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள். கத்தவில்லை, காலில் விழவில்லை.

“அமாவாசைக்கு இன்னும் ஆறு நாளு இருக்கு ஜெபா,” என்றாள். “விழுந்த அன்னைக்கு அவியளுக்கும் எனக்கும் சண்டை. ஒண்ணுமில்லாத சண்டை. நான் சோறு வைக்கல. வெறும் வயித்தோடதான் ஏணி ஏறுனாவ. தலை சுத்தித்தான் விழுந்திருப்பாவ, நான் யாருட்டயும் சொல்லல. எங் கையால ஒரு வாய் குடுத்துருதேன். பிறகு நீ மூடிக்கோ.”

ஜெபக்கனி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், எனக்கும் அதற்குள் தெரியும்: பேட்ச் வெளியானது என்றால் ஓட்டை எங்கே இருந்தது என்று ஊரறியத் தம்பட்டம் அடித்தாயிற்று என்று அர்த்தம்; இனிமேல் அடைக்காத சுவரைத் தேடிக்கொண்டு எவனெவனோ கிளம்புவான். மூடச் சொல்லி மூன்று மனு கொடுத்தவன் நான். அன்றைக்கு ஆணையரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரைமணி நேரத்தில் சுவர் மூடி, சாயங்காலம் ஒதுக்கீட்டு உத்தரவு என் கைக்கு வந்திருக்கும். நான் சொல்லவில்லை. நம்ம ஊர்த் தண்ணித்தொட்டிக்கு எவன் வரப்போறான், ஆறு நாள்தானே, இருந்துட்டுப் போகட்டும் என்றேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நல்லவனாக இருந்தேன், அது அந்த வியாழக்கிழமை.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. சுடலைவடிவு பச்சரிசி வாங்கினாள், அவருக்குப் பிடித்த அகத்திக்கீரைக்குச் சொல்லிவைத்தாள், பித்தளைக் கும்பாவைப் புளி போட்டுத் தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டீயோடு போனபோது கை டம்ளரை வாங்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து, வளையலைத் தடவி, ஒவ்வொரு விரலாக நீவி, கடையில் துணியைப் பிரித்துப் பார்க்கிறவன்போலப் பார்த்தது. நகம் பிளந்திருக்கவில்லை. தோல் வழவழவென்று இருந்தது, வால்வைத் தொட்டே அறியாத தோல். அவள் கையை உதறிவிட்டு, டம்ளரை அங்கேயே போட்டுவிட்டு, பம்ப் ஹவுஸுக்கு ஓடினாள். மாடி பூட்டிக் கிடந்தது, ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கனி வேதக்கோயிலில் இருப்பாள். அங்கே ஓடி, பாட்டு நடுவில் உள்ளே புகுந்து, அது அவிய கை இல்ல ஜெபா என்றாள். இருவரும் திரும்பி வந்து, ஜெபக்கனி மாடியேறி உள்ளே புகுந்திருந்தவனை வெளியே தள்ளிக் குளோரினை மூடியபோது மணி எட்டரை. வந்தவனுக்கு எங்கள் தண்ணீரில் என்ன வேண்டியிருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒன்றும் வேண்டியிருக்காது, திறக்குமா என்று திருகிப் பார்த்திருப்பான். ஒன்றரை மணி நேரம் குளோரின் முழுசாகத் திறந்து, மூன்று தெருவுக்கும் அந்தத் தண்ணீர் போயிருந்தது.

நாற்பத்து மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாய் வெந்தவர்கள், கண் எரிந்தவர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவர்கள். எல்லாரும் திரும்பி வந்தார்கள், ஒரு பிள்ளையைத் தவிர. மூன்றாம் தெரு மாரிச்செல்வி தன் நாலு மாதப் பெண்குழந்தையைக் கதவடைத்த குளியலறையில், காற்று அடித்துவிடக் கூடாதே என்று ஜன்னலையும் சாத்திவிட்டு, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குளிப்பாட்டியிருக்கிறாள். தண்ணீரிலிருந்து கிளம்பிய குளோரின் காற்று குழந்தையின் நெஞ்சை அரித்துவிட்டது. ஒரு நாள் முழுக்க மூச்சுக்குப் போராடி, திங்கட்கிழமை மத்தியானம் செத்துப்போனது. சுபிக்ஷா என்று பெயர். ஆறு நாளில் அது நாலாவது நாள்.

செவ்வாய்க்கிழமை காலை சுடலைவடிவு குழந்தை செத்த துட்டி வீட்டிலிருந்து நேராக ஏழாம் நம்பருக்கு வந்தாள். ஓட்டையில் பழைய கை திரும்பி வந்திருந்தது. பிளந்த நகம், கிரீஸ் ஏறிய ரேகை, எல்லாம் அவரே. வெளியே எங்கேயோ துரத்தி அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தவர்போல, அவளைத் தொட்டதும் இறுகப் பிடித்துக்கொண்டது. மறுநாள்தான் அமாவாசை. இன்னும் ஒரு நாள் கேட்பாள் என்று நான் நினைத்தேன். கேட்டிருந்தால் ஜெபக்கனி என்ன செய்திருப்பாளோ, எனக்குத் தெரியாது. சுடலைவடிவு கேட்கவில்லை, மூடிரு என்று மட்டும் ஜெபக்கனியிடம் சொன்னாள்.

ஆனால் சோற்றைப் பிசைந்து கொண்டுவந்திருந்தாள். ஒரு கையை அவர் பிடித்திருக்க, மறு கையால் ஓர் உருண்டை எடுத்து நீட்டினாள். விரல்கள் திறக்கவில்லை. சோற்றுக்குத் திறப்பதா, பிடித்த கையை விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. மாடியில் மெஷினை அணைத்து எழுப்பப் பதினொரு நிமிடம் ஆகும், அதற்குள் அக்கா தன் கையை எடுத்துவிட வேண்டும், சுவர் மூடும்போது அது உள்ளே இருந்தால் அவர் கையோடு போய்விடும் என்று ஜெபக்கனி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். சுடலைவடிவு சோற்றுக் கும்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, கட்டைவிரலில் ஆரம்பித்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்து அடுத்ததற்குப் போவதற்குள் முதல் விரல் மறுபடி வந்து மடங்கிக்கொண்டது. நான் உதவிக்குப் போனேன், அவள் தொடவிடவில்லை. கடைசி விரலைப் பிரித்து அவள் கையை இழுத்துக்கொண்டபோது அந்தக் கை காற்றில் இரண்டு தடவை துழாவியது. பிறகு அங்கே சுவர் இருந்தது, பாசி படிந்த, மழைக்கறை வழிந்த, அவ்வளவு நாளும் இருந்த அதே சுவர். என் கையிலிருந்த சோற்றைக் காக்கைக்கு வைக்கச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குத் தாங்கமுடியாதது. அந்தக் கெர்னல்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பேட்சின் அடியில், ஓட்டையை முதலில் பார்த்தவர் பெயரை எழுதுவார்கள். காசு கிடையாது, பட்டம் கிடையாது, அந்த ஒரு வரிதான் மரியாதை. பதினொரு வருடம் கூட வேலை பார்த்தவரின் மனைவிக்கு வேறென்ன செய்ய முடியும் என்று நினைத்து, ஜெபக்கனி அந்த வரியில் சுடலைவடிவு, செங்கணாபுரம் என்று எழுதியிருந்தாள். வியாழக்கிழமை பேட்சோடு அந்தப் பெயர் உலகத்திலுள்ள அத்தனை மெஷினுக்கும் போய்விட்டது. கப்பலிலும் விமானத்திலும் ஆஸ்பத்திரியிலும், எங்கெங்கே சுவர் மூடியதோ அங்கெல்லாம் அந்தப் பெயரும் இருக்கிறது. சுடலைவடிவு மாடியேறி வந்து என் பேர எடுத்துரு என்றாள். எடுக்க முடியாது அக்கா, ஒருமுறை சேர்ந்தது சேர்ந்ததுதான், எழுதினவர்களாலேயே அழிக்க முடியாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள் என்றாள் ஜெபக்கனி. கொன்னவளப் போய்க் காப்பாத்துனவள்னு எழுதிவச்சிருக்கியே என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

ஜெபக்கனி அந்த ஒன்பது பேருக்கும் ஒளிக்காமல் எழுதினாள்: ஆறு நாள் தவணை கொடுத்தேன், ஒரு குழந்தை செத்தது, என்னை நீக்குங்கள். பதில்கள் மரியாதையாக வந்தன. வருந்துகிறோம் என்றார்கள். ஆறு நாள் என்பது ஒன்றுமே இல்லை, சில ஊர்களில் ஆறு வருடமாகியும் பேட்ச் போடாமல் கிடக்கிறது, மனதைத் தளரவிடாதீர்கள் என்றார்கள். இன்னொரு இடத்தில் புதிதாக ஓர் ஓட்டை தென்படுகிறது, நேரமிருந்தால் பாருங்கள் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அவள் அதைப் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை.

ஊருக்கு ஆறு நாள் கதை தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம், எவனோ வெளியூர்க்காரன் தண்ணீரில் விஷம் கலந்தான், சுடலைவடிவு கோயில்வரை ஓடி எல்லாரையும் காப்பாற்றினாள், அவள் பெயர் உலகம் முழுக்கப் போயிருக்கிறது என்பதுதான். கையை ஏற்றுக்கொண்டது எப்படியோ அப்படியே கை போனதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. கொட்டகைத் தகரத்தைத் தங்கப்பழம் கழற்றிக்கொண்டுபோய் பஸ் ஸ்டாப்பில் போட்டார். எனக்கு ஒதுக்கீட்டு உத்தரவு வந்தது, குடியேறினேன், என் கட்டிலை அந்தச் சுவரை ஒட்டித்தான் போட வேண்டியிருந்தது, வேறு இடமில்லை. சுதந்திர தினத்தன்று கொடியேற்றியதும் சுடலைவடிவுக்குப் பாராட்டு விழா என்று ஆணையர் சொல்லி, வாழ்த்து மடல் எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்தார். எழுதினேன். சம்பளம் வாங்குகிறவனால் எழுதாமல் இருக்க முடியுமா?

அவள் வரமாட்டாள் என்று நம்பினேன், வந்தாள். ஜெபக்கனி குடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றாள். பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் பொன்னாடை போர்த்த மாரிச்செல்வி வருவார் என்று தங்கப்பழம் மைக்கில் சொன்னபோது, தாம்பாளத்தோடு மேடையில் நின்ற நான் பொன்னாடையின் மடிப்பைச் சரிசெய்தேன். அந்தப் பெண் வந்தாள், இருபத்து நான்கு வயதிருக்கும், பால் கட்டிய மார்போடு, பிள்ளை போன நாளிலிருந்து தலை வாராமல். பொன்னாடையைப் போர்த்திவிட்டு, சுடலைவடிவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்க ஓடலன்னா இன்னும் எத்தன பிள்ளை போயிருக்குமோ யக்கா என்றாள். அப்போதுதான் சுடலைவடிவு முகத்தை நிமிர்த்தினாள்.

“அன்னைக்கே மூட வந்தாவ, ஆறு நாளு நான்தான் கேட்டு வாங்குனேன்,” என்றாள். “உம் பிள்ள நாலாம் நாளு போச்சு.”

மைக் பக்கத்தில்தான் இருந்தது, மைதானம் முழுக்கக் கேட்டது. பிறகு தங்கப்பழம் மைக்கைப் பிடுங்கி, அனைவரும் இனிப்பும் காரமும் டீயும் வாங்கிச் செல்லுமாறு கேட்டுக்கொண்டார். ஜனங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுந்து வரிசைக்குப் போனார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி எங்கள் ஊரில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மாரிச்செல்வி போகவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை. அறையப்போகிறாள் என்று நினைத்தேன், அறைந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். எதற்காக ஆறு நாள் கேட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். சுடலைவடிவு சொன்னாள், சண்டையை, வைக்காத சோற்றை, ஏணியை, அமாவாசையை, எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். முடித்ததும் மாரிச்செல்வி கையை விடாமலே கேட்டாள்.

“பிறகு குடுத்தியளா, அவியளுக்குச் சோறு?”

“இல்ல தாயி,” என்றாள் சுடலைவடிவு. “கடைசி வரைக்கும் வாங்கல.”